பழைய ஆல்டோ பெட்ரோல் குடிக்கிறதா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

மைலேஜ் குறைந்துவிட்டது என்று பழைய காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான் நடக்கிறது. ஏர் ஃபில்டர், பிளக், ஆயில் மூன்றையும் மாற்றுவார்கள், த்ராட்டில் பாடியைத் துடைப்பார்கள், பில் கொடுப்பார்கள். சில வண்டிகளுக்கு அதுவே போதும். பல வண்டிகளில் அடுத்த டேங்கிலும் பழைய கணக்குதான் வரும். மைலேஜ் தனியாகக் குறைவதில்லை. கூடவே இன்னொன்று வந்திருக்கும்: டெம்பரேச்சர் முள் கீழேயே நிற்கும், ஒரு சக்கரம் மட்டும் சூடாக இருக்கும், சைலன்சர் வாயில் கரி படியும், ஐட்லிங்கில் வண்டி நடுங்கும். அந்த இரண்டாவது அறிகுறியைக் கண்டுபிடித்துவிட்டால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இங்கே நான் மனதில் வைத்து எழுதுவது 2000 முதல் 2012 வரை வந்த 796 சிசி மாருதி ஆல்டோவை. மூன்று சிலிண்டர், எம்பிஎஃப்ஐ பெட்ரோல் வண்டி, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இஞ்செக்டர் பெட்ரோல் தெளிக்கும் வகை. தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்னும் ஏராளமாக ஓடுகிறது. அதே காலத்து எம்பிஎஃப்ஐ மாருதி 800, ஜென், வேகன் ஆர், சான்ட்ரோ வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

முதலில் அளவு சரியா?

500 ரூபாய்க்கு அடித்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து மைலேஜ் சொல்வது கணக்கே அல்ல. டேங்க் ஃபுல் செய்து ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள். குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டியபின் அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி ஃபுல் செய்யுங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை ஏறிய லிட்டரால் வகுத்தால் கிடைப்பதுதான் மைலேஜ். இரண்டு முறையும் நாசில் முதலில் தானாக நிற்கும் (ஆட்டோ கட்) இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். ரூபாய் முழுசாக வரட்டும் என்று பங்க் ஊழியர் இன்னும் கொஞ்சம் அடிக்கப் பார்ப்பார், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். 18 லிட்டர் நிரப்பும் இடத்தில் ஒரு லிட்டர் கூடக் குறைய ஏறினால் கணக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் பிசகும். நாம் தேடும் கோளாறே சில சமயம் அந்த அளவுதான் இருக்கும்.

டயர் மாற்றிய வண்டியானால் ஓடோமீட்டரையும் சந்தேகப்பட வேண்டும். ஆல்டோவில் வந்த டயர் 145/80 ஆர் 12. பலர் அகலமாக இருக்கட்டும் என்று 155/80 போடுகிறார்கள். அதன் விட்டம் மூன்று சதவீதம் பெரிது. வண்டி உண்மையில் 100 கிலோமீட்டர் போயிருக்கும், மீட்டர் 97 என்று காட்டும். அந்த மூன்று சதவீதம் பெட்ரோலில் போகவில்லை, கணக்கில்தான் போகிறது. போனில் ஜிபிஎஸ் போட்டு 30 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டி மீட்டரோடு ஒப்பிட்டால் விஷயம் தெளிந்துவிடும்.

பங்கில் அளவு குறைகிறதோ என்ற சந்தேகம் இருந்தால் ஐந்து லிட்டர் அளவைக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். முத்திரையிட்ட அந்தக் கேன் ஒவ்வொரு பங்கிலும் இருந்தாக வேண்டும், கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசத்தை அனுமதிக்கிறார்கள். அதாவது அரை சதவீதம்.

சரி, எவ்வளவு வர வேண்டும்? நல்ல நிலையில் இருக்கும் பழைய ஆல்டோ, ஏசி போட்டு ஊருக்குள் ஓட்டினால் லிட்டருக்கு 13 முதல் 15, நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டினால் 18 முதல் 20 தரும். விளம்பரத்தில் பார்த்த எண்ணோடு ஒப்பிடாதீர்கள். இதே வண்டி, இதே பாதையில் முன்பு எவ்வளவு கொடுத்தது என்பதோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு கேள்வியையும் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். குறைந்தது திடீரென்றா, மெல்ல மெல்லவா? ஒரு டேங்குக்கும் அடுத்த டேங்குக்கும் இடையில் விழுந்தால் நடுவில் நடந்த வேலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: பிரேக் வேலை, ரேடியேட்டர் வேலை, டயர், அலைன்மென்ட். வருடக்கணக்கில் தேய்ந்து வந்தது என்றால் சென்சார், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பக்கம் போக வேண்டும்.

டெம்பரேச்சர் முள் கீழேயே நிற்கிறது

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நம் ஊர்ப் பழைய கார்களில் மிக அதிகமாக நடந்திருப்பதும், மிகக் குறைவாகச் சந்தேகப்படுவதும் இதுதான்.

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும், கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாது, அதனால் எஞ்சின் சில நிமிடங்களில் சூடேறிவிடும். 82 அல்லது 88 டிகிரி போல, அதன்மேல் பொறித்திருக்கும் வெப்பநிலைக்கு வந்ததும் திறக்கத் தொடங்கும். என்றைக்கோ ஒருநாள் வண்டி ஓவர்ஹீட் ஆகியிருக்கும். ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், ஃபேன் ஓடாமல் இருந்திருக்கலாம். அதைத் தேடாமல், "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். கார்புரேட்டர் காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. அந்த வண்டிகளில் சோக்கை உள்ளே தள்ளிவிட்டால் கூடுதல் பெட்ரோல் நின்றுவிடும், ஆகவே பாதிப்பு அவ்வளவாகத் தெரியாது.

எம்பிஎஃப்ஐ வண்டியில் கதை வேறு. எத்தனை பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை ஈசியூ என்ற எஞ்சின் கணினி முடிவு செய்கிறது. கூலண்ட் வெப்பநிலை குறைவாக இருந்தால் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று எடுத்துக்கொண்டு கூடுதலாகத் தெளிக்கும், ஐட்லிங்கையும் உயர்த்தி வைக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி நெடுஞ்சாலையில் எதிர்காற்று வாங்கிக்கொண்டு ஓடும்போது உரிய சூட்டுக்கு வரவே வராது. வெளியே 38 டிகிரி வெயில் அடித்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். டிரைவருக்கோ எந்தக் குறையும் தெரியாது. வண்டி நன்றாக இழுக்கும், புகை இருக்காது, ஓவர்ஹீட் பயமும் இல்லை. மைலேஜ் மட்டும் போய்க்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு இறங்கும், பிஸ்டன் ரிங்கும் சீக்கிரம் தேயும்.

சோதிக்க ஒரு பைசா செலவில்லை. காலையில் எஞ்சின் முழுதும் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருங்கள், சுற்றும் ஃபேனிலும் பெல்ட்டிலும் கை, துணி படாமல் கவனம். தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் ஹோஸ் பல நிமிடங்கள் குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். ஸ்டார்ட் செய்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறினால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது உள்ளே வால்வே இல்லை. ஓடும்போது முள் நடுப்பக்கம் வராமல் கீழேயே நிற்பதும், ஹைவேயில் ஏறியதும் இன்னும் இறங்குவதும் அதே கதைதான்.

தெர்மோஸ்டாட் விலை குறைந்த பொருள். புதிதை மாட்டும் முன் ஒரு பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது திறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். மாட்டியபின் கூலண்ட் ஊற்றிக் காற்றை முழுதாக வெளியேற்ற வேண்டும். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறும் முன் ஒருபோதும் திறக்கக் கூடாது. ஒரு விஷயம் முக்கியம்: முன்பு ஏன் கழற்றினார்கள் என்பதையும் தேடுங்கள். ரேடியேட்டர் அடைப்பு அப்படியே இருந்தால் தெர்மோஸ்டாட் மாட்டிய வாரமே முள் மேலே போகும், பழி புது வால்வின் மேல் விழும்.

முள் சரியாக நடுவில் நிற்கிறது, ஆனாலும் சூடான எஞ்சினில் ஐட்லிங் உயர்ந்தே இருக்கிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால்? டேஷ்போர்டு முள்ளுக்குத் தகவல் தரும் சென்சார் வேறு, ஈசியூவுக்குத் தகவல் தரும் சென்சார் வேறு. முள்ளுக்கு ஒரு வயர் போகும், ஈசியூவுக்கானதில் இரண்டு வயர் இருக்கும். அந்த இரண்டு வயர் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். காலையில் 30 டிகிரி சூழலில் சுமார் ஒன்றரை முதல் இரண்டு கிலோ ஓம், நன்றாகச் சூடானபின் 300 ஓம் பக்கம் காட்ட வேண்டும். சூட்டிலும் ஆயிரத்துக்கு மேல் நின்றால் ஈசியூவுக்கு அது "எஞ்சின் குளிர்" என்றே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. மாற்றுமுன் கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் துடைத்தாலே சரியாகிவிடும்.

வண்டி உருள மறுக்கிறது

சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றினால் வண்டி சோம்பலாக நீண்ட தூரம் உருள வேண்டும். யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல வேகம் விழுந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சமதளத்தில் ஹேண்ட் பிரேக் எடுத்த ஆல்டோவை ஒரு ஆள் தனியாகத் தள்ள முடியவேண்டும்.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கடைசிப் பகுதியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வேகம் குறைத்து நிறுத்துங்கள். நான்கு ரிம்களுக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம், தோல் உரிந்துவிடும். முன் சக்கரங்கள் பின்னதைவிடக் கொஞ்சம் சூடாக இருப்பது இயல்பு. ஒரே அச்சில் ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அதுதான் குற்றவாளி.

முன்னால் என்றால் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின் கிரீஸ் வற்றி இறுகியிருக்கும், அல்லது பிஸ்டன் துருப்பிடித்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாத வண்டியில் துரு உள்ளிருந்தே தொடங்கும். காலிப்பரைச் சுத்தம் செய்தும் பிடிப்பு விடவில்லையா? ரப்பர் ஹோஸ் உட்பக்கம் வீங்கியிருக்கலாம். மிதிக்கும்போது ஆயில் போகும், திரும்பி வராது. சக்கரம் இறுகி நிற்கும்போது பிரேக் ஆயிலை வெளியேற்றும் பிளீடர் ஸ்குரூவைத் திறந்தவுடன் அது சட்டென்று விடுபட்டால் அடைப்பு அதற்கு மேலே, பெரும்பாலும் ஹோஸில்தான். பிரேக் வேலையை உங்களுக்குப் பழக்கமில்லாவிட்டால் மெக்கானிக்கிடமே விடுங்கள், ஆனால் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

பின்னால் என்றால் முதலில் ஹேண்ட் பிரேக் கேபிள். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று கேபிளை இறுக்கிக் கொடுத்த மறுநாளிலிருந்து மைலேஜ் விழுந்த வண்டிகள் நிறைய உண்டு. ட்ரம்மில் ஷூ அட்ஜஸ்ட்மென்ட்தான் செய்திருக்க வேண்டும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துப் பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை எடுத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்ற வேண்டும்.

டயர் காற்றைப் பற்றி எல்லோரும் சொல்வதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு டயரிலும் ஒவ்வொரு பிஎஸ்ஐ குறைவுக்கும் 0.2 சதவீதம் போல மைலேஜ் போகும். பத்து குறைந்திருந்தால் இரண்டு சதவீதம். டயர் ஆறியிருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்ப வேண்டும். லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி 11 கொடுக்கிறது என்றால் காற்று மட்டும் காரணமாக இருக்காது. அலைன்மென்ட்டுக்கு ஒரு கைச் சோதனை உண்டு: டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையைக் குறுக்கே தேய்த்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி மறுதிசையில் ரம்பம் போலக் குத்தினால் சக்கரங்கள் நேராக உருளவில்லை, சாலையை உரசிக்கொண்டு போகின்றன.

சைலன்சரில் கரி, பெட்ரோல் வாடை

சைலன்சர் வாயில் விரலை விட்டால் உலர்ந்த கருப்புப் பொடி ஒட்டுகிறது, ஸ்டார்ட் செய்யும்போது கருப்பாக ஊதுகிறது என்றால் கலவையில் பெட்ரோல் அதிகம். இதை உறுதிசெய்ய நம்மிடம் ஏற்கெனவே ஒரு மலிவான பரிசோதனை இருக்கிறது. புகைச் சான்று வாங்கும்போது கொடுக்கும் தாளைப் பெரும்பாலானோர் பார்க்காமலே கண்ணாடி ஓரத்தில் செருகிவிடுகிறோம். அதில் இரண்டு எண்கள் உண்டு: கார்பன் மோனாக்சைடு சதவீதத்தில், ஹைட்ரோகார்பன் பிபிஎம்மில். பாரத் ஸ்டேஜ் எனும் புகை விதியில் பிஎஸ்-2, பிஎஸ்-3 பெட்ரோல் கார்களுக்கு வரம்பு 0.5 சதவீதமும் 750 பிபிஎம்மும். பிஎஸ்-4 என்றால் 0.3 மற்றும் 200. எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டுப் போய், ஒழுங்காகக் குழாயைச் செருகி அளக்கச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு வரம்பை ஒட்டியோ தாண்டியோ இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. அது சரியாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் எங்கோ ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது சரியாக எரியவில்லை. இரண்டும் அதிகம் என்றால் பெட்ரோலும் அதிகம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் ஓய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெட்ரோல் அதிகம் என்று தெரிந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்று என்பார்கள். அவசரப்படாதீர்கள். எக்ஸாஸ்ட் மானிஃபோல்டில் இருக்கும் அந்தச் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட்டுக்குள் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். சூடான எஞ்சினை 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் பத்து நொடிக்குள் பலமுறை ஆடும். டிஜிட்டல் மல்டிமீட்டரை சிக்னல் வயரில் வைத்துப் பார்க்கலாம். ஆட்டம் மந்தமாக இருந்தால் சென்சாருக்கு வயதாகிவிட்டது. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் அது ஆச்சரியமில்லை. ஆனால் 0.1 பக்கமே ஒட்டி நின்றால் சென்சார் பழுதாகவும் இருக்கலாம், உண்மையைச் சொல்வதாகவும் இருக்கலாம். அதற்கு முன்னால் மானிஃபோல்டில் விரிசல் இருந்து வெளிக்காற்று உள்ளே வந்தாலோ, ஒரு சிலிண்டர் எரியாமல் ஆக்சிஜனை அப்படியே வெளியே தள்ளினாலோ சென்சார் "பெட்ரோல் போதவில்லை" என்றுதான் சொல்லும். ஈசியூ அதை நம்பி இன்னும் ஊற்றும். மிஸ்ஸிங்கைச் சரிசெய்யாமல் புதுச் சென்சார் மாட்டினால் அதுவும் அதையே சொல்லும்.

அடுத்தது மேப் சென்சார். இந்த எஞ்சினில் எவ்வளவு காற்று போகிறது என்பதை ஈசியூ நேரடியாக அளப்பதில்லை, இன்டேக் மானிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகிறது. சென்சாரை ரப்பர் ஹோஸால் இணைத்திருக்கும் வண்டிகளில் அந்த ஹோஸ் பத்து வருடத்தில் வெடித்துப் போகும். காற்று கசிந்து அழுத்தம் உயர்ந்தால் ஆக்சிலரேட்டரை அதிகம் மிதிப்பதாக ஈசியூ நினைத்துக்கொள்ளும். அரை அடி ஹோஸ், விலை சொற்பம். சென்சாரைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

இஞ்செக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ஃப்யூல் ரெயிலிலேயே பிரஷர் ரெகுலேட்டர் இருக்கும் மாடல்களில் அதன் வேக்குவம் ஹோஸைக் கழற்றி மோந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரமோ கடும் வாடையோ இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் நேராக இன்டேக்குக்குப் போகிறது.

வாடை எஞ்சினில் இல்லை, பின் சீட்டில்தான் அடிக்கிறது, அதுவும் டேங்க் ஃபுல் செய்த அன்று மட்டும் என்றால் பெட்ரோல் ஊற்றும் குழாயை டேங்கோடு இணைக்கும் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும். காலையில் வண்டிக்குக் கீழே குனிந்து பெட்ரோல் பைப் போகும் வழி முழுதும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கசிவு தெரிந்தால் மைலேஜ் கணக்கை விடுங்கள், வண்டியையே எடுக்காதீர்கள். இது தீப்பிடிக்கிற விஷயம், முதலில் அது நிற்க வேண்டும்.

ஐட்லிங்கில் நடுக்கம், மிஸ்ஸிங்

மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பிலேயே கொஞ்சம் ஆடும். அதனால் ஒரு சிலிண்டர் சரியாக எரியாததைக்கூட "இந்த வண்டியே இப்படித்தான்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்றில் ஒன்று அரைகுறையாக எரிந்தால் மிச்ச இரண்டுதான் சுமக்க வேண்டும். மைலேஜ் எங்கே தங்கும்?

எது என்று கண்டுபிடிக்க ஓடும் எஞ்சினில் பிளக் வயரைப் பிடுங்கும் பழக்கம் வேண்டாம். ஷாக் அடிக்கும், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுக்கும். ஐட்லிங்கில் ஒவ்வொரு இஞ்செக்டரின் கனெக்டரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். கழற்றியதும் எஞ்சின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. கழற்றியும் மாற்றமே இல்லையென்றால் அதுதான்.

அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஸ்பார்க் பலவீனம். பிசுபிசுப்பான எண்ணெய்க் கரி என்றால் ரிங்கோ வால்வு சீலோ ஆயிலை விடுகிறது. வெள்ளையாக வெந்திருந்தால் பெட்ரோல் குறைவு. பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக்தான் காரணம். போகவில்லையென்றால் வயர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியில் கேப், ரோட்டர் என்று பாருங்கள். இருட்டில் பானட்டைத் திறந்து வைத்து வயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும், கையை மட்டும் தள்ளியே வையுங்கள்.

இவை எல்லாம் சரி, ஆனாலும் அந்தச் சிலிண்டர் எழவில்லை என்றால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே 15 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு. வால்வு என்றதும் ஹெட்டை இறக்கச் சம்மதிக்காதீர்கள். வால்வை அமுக்கும் டேப்பட்டின் இடைவெளி இறுகிப்போய் வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம். அதைச் சரிசெய்து மறுபடி அளந்துவிட்டு முடிவெடுக்கலாம்.

மிதித்தாலும் இழுக்கவில்லை

எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. நான்காவது கியரில் 40ல் போகும்போது முழுதாக மிதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சத்தமும் ஏறவில்லை, ஒரு வேகத்துக்கு மேல் மூச்சு முட்டுகிறது என்றால் கன்வர்ட்டர் அடைத்திருக்கலாம். வேக்குவம் கேஜ் உள்ள மெக்கானிக்கிடம் போங்கள். ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்டும் முள், 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்திருக்கையில் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேற வழியில்லை என்று அர்த்தம்.

ஏர் ஃபில்டரை எல்லோரும் முதலில் சொல்கிறார்கள், நான் இங்கே கடைசியில்தான் வைக்கிறேன். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் இதைச் சோதித்தது. ஈசியூ கட்டுப்படுத்தும் எஞ்சின்களில் அடைத்த ஃபில்டரால் பிக்கப் குறைந்தது, மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. காற்று குறைந்தால் ஈசியூ பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. கார்புரேட்டர் வண்டியில்தான் அந்தப் பழைய அறிவுரை பொருந்தும். எஞ்சின் ஆயுளுக்காக ஃபில்டரை மாற்றுங்கள், மைலேஜ் ஏறும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஏசி போட்டால் மட்டும் மோசம்

46 குதிரைத்திறன் எஞ்சினில் கம்ப்ரசர் கேட்கும் பங்கு பெரிய வண்டியைவிட அதிகம்தான், ஊருக்குள் அது நன்றாகவே தெரியும். ஆனால் ஏசி ஓயாமல் ஓடியும் குளிரவில்லை என்றால் கண்டன்சரில் மண் அடைத்திருக்கிறதா, கேஸ் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஹீட்டர் நாப்! அதன் கேபிள் தளர்ந்து ஹீட்டர் வால்வு கொஞ்சம் திறந்தே இருந்தால் உள்ளே சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், கம்ப்ரசர் நிற்கவே நிற்காது.

எந்த அறிகுறியும் இல்லை, மைலேஜ் மட்டும் குறைவு

எல்லாச் சோதனையும் தேறிவிட்டது, குறைவும் ஏழெட்டு சதவீதத்துக்குள்தான் என்றால் பெட்ரோலையே பார்க்க வேண்டும். 2022ல் நாடு முழுதும் பெட்ரோலில் பத்து சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரி முதல் 20 சதவீதக் கலப்பு படிப்படியாக வந்து, 2025ல் எங்கும் அதுவே கிடைக்கிற நிலைக்கு வந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு ஏற்ப அமைத்த கார்களில் 20 சதவீதக் கலப்பு ஊற்றினால் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டது. முன்பு 15 கொடுத்த வண்டிக்கு 14 என்பதே இன்றைய நியாயமான எண். அதைத் துரத்திப் பாகம் பாகமாக மாற்றிக் காசை விடாதீர்கள். எத்தனாலுக்காகச் செய்யாத பழைய ரப்பர் ஹோஸ்களை மட்டும் வருடம் ஒருமுறை தொட்டுப் பார்த்து, உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். டேங்க் அடியில் பல வருடமாகப் படிந்த கசடை எத்தனால் கிளப்பிவிடும் என்பதால் ஃப்யூல் ஃபில்டரையும் ஒருமுறை மாற்றுவது நல்லது.

ஓட்டும் இடம் மாறியிருக்கிறதா என்றும் யோசியுங்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டு வர இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டி சூடேறுவதற்குள் அணைந்துவிடுகிறது. அதற்கு எந்த மெக்கானிக்கும் வைத்தியம் செய்ய முடியாது. எஞ்சின் ஆயிலில் 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில் ஊற்ற வேண்டிய இடத்தில், பழைய வண்டி என்பதற்காக 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால் அதிலும் ஒன்றிரண்டு சதவீதம் போகும்.

பெட்ரோல் பைப்பில் மாட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, சிகரெட் லைட்டரில் செருகும் கருவி எதுவும் வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைப் பரிசீலித்து, மைலேஜைக் குறிப்பிடும்படி உயர்த்தும் ஒன்றைக்கூடக் கண்டதில்லை. அந்தக் காசுக்குப் புதுத் தெர்மோஸ்டாட்டே வாங்கிவிடலாம்.

சரிசெய்த பிறகு

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். நான்கைந்தை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது, மறுபடி விழும்போது ஆரம்பத்திலிருந்து தேட வேண்டியிருக்கும். சென்சார் ஏதாவது மாற்றியிருந்தால் பேட்டரி நெகட்டிவைச் சில நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள். பழைய சென்சாரை நம்பி ஈசியூ பழகிவைத்திருந்த திருத்தங்கள் அழிந்துவிடும். ஸ்கேனர் செருகும் ஓபிடி-2 வசதியுள்ள 2013க்குப் பிந்தைய வண்டி என்றால் புளூடூத் ஸ்கேனரில் ஃப்யூல் டிரிம், அதாவது ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம் பார்க்கலாம். கூட்டல், கழித்தல் பத்துக்குள் நின்றால் நல்லது. மைனஸ் பக்கம் ஆழமாகப் போனால் எங்கிருந்தோ வரும் கூடுதல் பெட்ரோலை ஈசியூ குறைக்கப் பார்க்கிறது. பழைய ஆல்டோக்களில் இந்த மலிவு ஸ்கேனர்கள் பல சமயம் இணையாது, ஒர்க்‌ஷாப் ஸ்கேனர்தான் வேண்டும்.

தெர்மோஸ்டாட், பிரேக் வேலைகளின் பலன் முதல் டேங்கிலேயே தெரிந்துவிடும். சென்சார் வேலைக்கு இரண்டு டேங்காவது பொறுங்கள். அதே பங்கு, அதே பாதை, முதல் ஆட்டோ கட் வரை.